முன்கட்டையை உடைத்தவன்: மகளுக்கு, எல்லோரும் படிக்க

அன்பு மகளுக்கு,

நம் சொந்தக்காரர்கள் எழுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நான் இதுவரை அனுப்பியது ஒரே ஒரு ரோஜாப்பூ. அதுவும் நானாக அனுப்பியதில்லை, விரல் பட்டுப் போனது. யாருடைய இரங்கல் செய்திக்கோ கீழே போய் அது சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது; உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவன் இன்றைக்குத் தாளில் பக்கம் பக்கமாக எழுதி, படம் பிடித்து, அதே குழுவில் போடப் போகிறேன். உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனாலும் எல்லோரும் படிக்க வேண்டும். நடுவில் கண் செருகிவிடுகிறவர்கள் இருப்பார்கள், எழுதுகிற எனக்கே செருகுகிறது. அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கூமாப்பட்டிப் பெரியப்பாவின் பழைய ரைபிளை உடைத்தது நீ இல்லை, நான். அன்றிலிருந்து இந்தக் குடும்பம் உன்னை 'ஒடச்சி' என்று கூப்பிடுகிறது. வருகிற வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குள் அந்தப் பெயரை உன்மேலிருந்து இறக்கி வைத்தாக வேண்டும்.

போன வாரம் மாப்பிள்ளை வீட்டாரையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவன். சுட்டவன் இல்லை, மற்றவர்கள் சுட்டுச் சுட்டுக் கெடுத்ததைச் சரி செய்து கொடுத்தவன். ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்ததும், லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறவர்கள் காட்டுப் பன்றிக்குப் பயந்து லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் துப்பாக்கிகள், பேங்க் காவலாளிகளின் துப்பாக்கிகள் எல்லாம் அங்கே வரும். இப்போது எனக்கு அறுபத்து நான்கு. வலது கண்ணில் புரை, இடது முட்டியில் நீர். கடைக்கு மத்தியானம் வரைக்கும்தான் போகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துவிடுகிறது. இந்த நிலையில் ஒருவன் புதிதாகப் பொய் சொல்ல முடியாது. பழைய பொய்யைச் சுமக்கவும் முடியவில்லை.

உன் குறும்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிற்காது. அது என்னிடமிருந்து வந்த சொத்து. பட்டாளத்தில் ஒரு ஹவில்தாரின் பூட்ஸ் இரண்டையும் இடது கால் பூட்ஸாக மாற்றி வைத்து, அவர் அணிவகுப்பில் வட்டமாகச் சுற்றியதை நான் உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நீ கேட்டுச் சிரித்ததோடு நிற்கவில்லை, தொழிலாகவே எடுத்துக்கொண்டாய். பொங்கலுக்கு வந்த பெரியப்பாவுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவில் கோதுமை மாவைச் சர்க்கரை போடாமல் பிசைந்து வைத்து நீட்டினாய். அவர் ஒரு வாய் போட்டுவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், "நல்லாருக்கும்மா" என்றார். "அப்ப இன்னொரு வாய் போடுங்க பெரியப்பா" என்றாய். வீட்டில் எது காணாமல் போனாலும், எது இடம் மாறினாலும், எல்லோரும் முதலில் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவும் இருக்கும். அந்தப் பத்தாவது தடவையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த லீவு அது. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வருவாய், வந்தால் போக மாட்டாய். பெரியப்பா அன்றைக்குத் தன் ரைபிளைக் கொண்டு வந்திருந்தார். அவருடைய தாத்தா காலத்து இங்கிலாந்து ரைபிள், வால்நட் கட்டை, எண்ணெய் ஊறி ஊறிக் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. தோளில் வைக்கிற பின்கட்டை லேசாக ஆடியது. "வேற ஒண்ணுமில்ல சகல, ஒரு முறுக்கு முறுக்கிக் குடும்" என்றார். அவர் உன் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். கடை முதலாளியிடம் சொல்லி எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். குண்டு இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்து, குண்டு ஏற்றுகிற மேல் போல்ட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வேலையை ஆரம்பித்தேன்.

பழைய ரைபிள் கட்டைகளில் இருக்கிற திருகுகள் கடைத்தெருவில் விற்கிற திருகுகள் மாதிரி இருக்காது. தலையில் வெட்டிய கோடு புளிய இலைக் காம்பு அளவுக்கு மெல்லியதாக இருக்கும். சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்தது. அந்தக் கோட்டுக்குள் முழுதாக இறங்காது. அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே வந்து கோட்டின் உதட்டைக் கிழித்துவிடும். ஒரு தடவை கிழிந்தால், அடுத்து அந்தத் துப்பாக்கியைத் திறக்கிற எவனும் முந்தியவன் லட்சணத்தை அந்தத் தலையிலேயே படித்துவிடலாம். அதனால் முனையின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் நேராகத் தேய்த்து, அந்த ஒரு திருகுக்கென்றே ஒரு திருப்புளி செய்துகொள்ள வேண்டும். கோட்டில் வைத்துக் கையை எடுத்தால் அது ஆடாமல் நிற்க வேண்டும். சில திருகுகளில் கோடே இருக்காது, இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். "பன்னிய சுடுற துப்பாக்கியில பன்னி மூக்கு" என்று நீ சிரித்தாயே, அதுதான். அதற்கு ரம்பத் தகட்டைக் கவட்டை மாதிரி தேய்த்து ஒரு சாவி. சில இடத்தில் பெரிய திருகின் ஓரத்தில் ஒரு குட்டித் திருகு ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரியது தானாகத் தளர்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற காவல்காரன். அவனை முதலில் அனுப்பாமல் பெரியவரை அசைக்க முடியாது. துருப்பிடித்து இறுகியிருந்தால் மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்து விட்டு, செத்த நேரம் விட்டுவிட்டு, சால்டரிங் இரும்பின் நுனியால் தலையைச் சூடாக்கி, முதலில் கழற்றுகிற பக்கம் திருகாமல் முறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைக்க வேண்டும். கழற்றியதையெல்லாம் ஒரு அட்டையில் துப்பாக்கி மாதிரியே படம் போட்டு, அந்தந்த இடத்தில் குத்தி வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த இத்தனை விஷயத்துக்கு நடுவில் தெரியாத ஒன்று இருந்தது.

பின்கட்டையின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு நீளத் துளை. துளைக்குள் தோல் அடைப்பு. அதைக் கொக்கியால் இழுத்துப் போட்டால், ஒரு சாண் ஆழத்தில் இருட்டுக்குள் ஒரு பெரிய போல்ட்டின் தலை தெரியும். பின்கட்டையை இரும்போடு சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். அதற்கென்று முழ நீளத்தில் ஒரு திருப்புளி வைத்திருந்தேன். பட்டாளத்தில் நான் ஆயிரக்கணக்கில் கழற்றியது அந்த ரைபிளின் பிந்தைய மாதிரி. அதில் இந்தப் போல்ட்டை நேராகக் கழற்றலாம், ஒன்றும் ஆகாது. பெரியப்பாவின் ரைபிள் அதற்கு மூத்தது. மூத்ததில் போல்ட்டின் மறுமுனை சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் போய், குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையின் பின்னோரத்தில் பதித்த ஒரு இரும்புத் துண்டில் மாட்டிக்கொள்ளும். முன்கட்டையை முதலில் கழற்றி எடுத்த பொறவுதான் போல்ட்டைத் தொட வேண்டும். எடுக்காமல் திருகினால், திரும்புகிற சதுரம் முன்கட்டையை உள்ளிருந்தே பிளந்துவிடும். வெளியே தெரிகிற தலை இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தலையைப் பார்த்து எனக்குத் தெரிந்த திருகு என்று முடிவு கட்டினேன்.

நீ துளைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாய்.

"அப்பா, இது எம்புட்டு நீளம்? அந்தப் பக்கத்து நுனி எதுல போயி மாட்டுது?"

"ஏட்டி, வெளக்க நேராப் புடி. வாயி எதுக்கு வெளிச்சம் காட்டுது?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நான் என்ன உங்க ஆபீசரா?"

"இருவத்திரெண்டு வருசம் இதத்தாம்ட்டி கழட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

"இருவத்திரெண்டு வருசமும் ஒரே ரைபிளவா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் வந்திருக்கும். அன்றைக்கு வெயில், வியர்வை, பெரியப்பா டீக்கடையிலிருந்து எந்த நிமிஷமும் திரும்பி வருவார் என்கிற அவசரம். போல்ட் இறுகியிருந்தது. இறுகியது வழிவிடாவிட்டால் நிறுத்து, ஏன் என்று பார் என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் சாய்ந்து திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, காய்ந்த வேப்பங்குச்சியை ஒடிக்கிற மாதிரி. முன்கட்டையின் பின்னோரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல். நூறு வருஷத்துக் கருப்பு மரத்துக்குள் அவ்வளவு வெளுப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

திருப்புளியை மேசையில் போட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்தேன். நீ அந்தத் திருப்புளியை எடுத்து, துளைக்குள் விட்டு ஆழம் பார்த்தாய். நுனி எங்கே போய் முட்டுகிறது என்பது உனக்கு இன்னும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் பெரியப்பா உள்ளே வந்தார். அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: பிளந்த கட்டை, உன் கையில் திருப்புளி.

"என்னட்டி பண்ணுன?"

நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னது ஒரே வாக்கியம். "கை சும்மா இருக்காதே இவளுக்கு." யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்குள் தயாராக இருந்தது, வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு எண்ணுகிற நேரம் நீ என் முகத்தையே பார்த்தாய். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றிலும் நான் திருத்திச் சொல்லியிருக்கலாம். துணியை மடித்துக்கொண்டிருந்தேன். நீ பெரியப்பாவிடம் திரும்பி, "துப்பாக்கிக்குப் பல்லு வலிக்குதுன்னு சொல்லுச்சு பெரியப்பா, புடுங்கப் பாத்தேன்" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பன்னிரண்டு வருஷமாக எனக்கே காரணம் சொல்லிப் பார்க்கிறேன். வேலை போய்விடும் என்கிற பயம் என்று ஒரு நாள் தோன்றும். ஆனால் கடை முதலாளி அதற்கெல்லாம் ஆளை அனுப்புகிறவர் இல்லை. வாங்கிக் கொடுத்தவர் முன்னால் அவமானம் என்று இன்னொரு நாள். உண்மை இன்னும் சின்னது. இருபத்திரண்டு வருஷ அனுபவசாலி, ஒரு சின்னப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் உடைத்துவிட்டான் என்று இருக்கக் கூடாது. பிள்ளை விளையாடி உடைத்தது என்று இருக்கலாம். அவ்வளவுதான். உன் குறும்பு எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அதுவும் அந்த ஒரு நொடிக்குள் கணக்காகிவிட்டது போல. வீட்டுக்கு வந்ததும் அம்மா உன்னை அடித்தாள். நான் உள் அறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது.

பெயர் அந்த வாரமே வந்துவிட்டது. பெரியப்பா வீட்டில் ஆரம்பித்து, சித்தி வீட்டுக்குப் போய், சுந்தரபாண்டியம் வரைக்கும் பரவியது. "ஒடச்சி வாரா, டம்ளர எடுத்து உள்ள வைங்க." அன்பாகத்தான் சொன்னார்கள், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். நீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். சடங்கு வீட்டில் பந்தியில், "நான் பரிமாறுனா சோத்தோட இலையும் ஒடையும், பரவாயில்லையா?" என்று நீயே கேட்டதை நான் கேட்டேன். அப்பா விட்டுவிட்டாலும் நீ விடாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். ஆனால் கடைக்கு நீ பிறகு வரவே இல்லை. சாப்பாட்டுத் தூக்கை அம்மா கொண்டுவந்தாள். நீ எதையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அதை மன்னிப்பு என்று நான் என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன். நர்சிங் படித்தாய். மதுரையில் எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்தாய். டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே எந்தத் திருகுக்கு எந்த முனை என்று எடுத்து நீட்டுவாய் என்று உன்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில், சந்தனமும் பன்னீரும் வைத்த கண்ணாடித் தட்டைச் சம்பந்தியம்மா உன் கையில் கொடுக்க நீட்டினார்கள். பெரியப்பா பின்னாலிருந்து, "ஐயோ, அவ கையில குடுக்காதீய! ஒடச்சி அவ!" என்று குரல் கொடுத்தார். நம் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ புரிய வைத்தார்கள்: துப்பாக்கியையே உடைத்தவளாம். சம்பந்தியம்மா தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, யாராக இருந்தாலும் இழுத்துக்கொள்வார்கள். நீட்டிய உன் கை இரண்டும் காற்றில் நின்றன. பிறகு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மகளே, நான் செய்ததில் எது பெரிய தப்பு என்று கேட்டால், கடையில் சொன்ன பொய்யைவிட மண்டபத்தில் சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். பொய் சொல்லும்போது எனக்கு அவசரம் இருந்தது. சிரிக்கும்போது பன்னிரண்டு வருஷ அவகாசம் இருந்தது.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது உன் அம்மா சொன்னாள். கிளம்புகிற நேரத்தில் சம்பந்தியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். "பொண்ணுக்குக் கையில நடுக்கம் கிடுக்கம் ஏதும் உண்டா? ஆபரேசன் தியேட்டர்ல வேலைங்கிறீய, அதான் கேட்டேன்." உன் அம்மா, சின்ன வயசு விளையாட்டு என்று சொல்லிச் சமாளித்தாளாம். நீ எந்தக் கையால் சம்பாதிக்கிறாயோ அந்தக் கையின்மேல் சந்தேகம். நான் போட்ட சந்தேகம். நான் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன், அது மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

அடுத்த வாரமே பெரியப்பா அதே ரைபிளோடு கடைக்கு வந்தார். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்து வைத்திருந்ததைத் திரும்ப வாங்கியிருக்கிறார். லைசென்ஸை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக் கொடு என்றார். பின்கட்டை மறுபடியும் ஆடியது. இந்தத் தடவை முன்கட்டையை முதலில் கழற்றினேன். கண் தெரியவில்லை, திருகின் கோட்டை விரல் நகத்தால் தடவித் தேடினேன். முன்கட்டை கைக்கு வந்ததும் அதன் பின்னோரத்தில் நான் பசை வைத்து, பித்தளை ஆணி அடித்து ஒட்டிய கீறல். அவர் எதிர் ஸ்டூலில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"சகல, அன்னைக்கு இத ஒடச்சது நாந்தான்."

"எத?"

"இந்த முன்கட்டைய. அவ டார்ச்சு புடிச்சா, அம்புட்டுதான்."

டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீருதான சொன்னீரு, கை சும்மா இருக்காதுன்னு?"

"சொன்னேன்."

"அந்தப் பிள்ளையும் ஆமான்னுச்சே?"

"எனக்காகச் சொன்னா."

மரத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அதற்காகத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கட்ட கெடக்குது போவும். எத்தன வீட்டுல, எத்தன சபையில அவள நான் அப்படிக் கூப்புட்டிருக்கேன்? போன வாரங்கூட மண்டபத்துல. உம்ம பொய்ய எங்க வாயில குடுத்து மெல்லச் சொல்லியிருக்கீரே!" என்றார். தப்புதான் சகல என்றேன். "எங்கிட்டச் சொன்னாத் தீந்துருமா? நான் ஒருத்தன் மட்டுமா கேலி பண்ணுனேன்? எல்லாத்துக்கும் சொல்லும். கல்யாணத்துக்கு முந்திச் சொல்லும். சொல்லலன்னா நான் சொல்லுவேன்." மீதி டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அவர் எழுபது வயதில் அவ்வளவு வேகமாகப் படி இறங்கி நான் பார்த்ததில்லை.

நேற்றுக் காலை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சம்பந்தியம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வேலையாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காப்பி போட எழுந்தார்கள். உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன், குழுவில் எழுதப் போவதையும் சேர்த்து. திருகு, சதுர நுனி என்று நான் விளக்கியது அவர்களுக்குப் புரிந்ததா தெரியாது. கடையில் உன்மேல் பழியைப் போட்டு நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் புரிந்தது. கீரையைத் தள்ளி வைத்தார்கள். "அவ சிரிச்சாள்ல, அதப் பாத்துத்தான் நெசம்னு நெனச்சேன்" என்றார்கள். அப்புறம், "நீங்க வரலன்னா இன்னும் எம்புட்டு நாளைக்கு அந்தப் பிள்ள கையவே பாத்துக்கிட்டு இருந்திருப்பேனோ" என்றார்கள். கோபம் இருந்தது, என்மேல்தான். அது இருக்கட்டும். கிளம்பும்போது கேட்டார்கள்: "நீங்க எல்லாத்துக்கும் சொல்லப் போறது அவளுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "கேக்கலியா?" என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

கேட்கவில்லை மகளே. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "விடுங்கப்பா, கல்யாண வீட்டுல எதுக்கு இது? ஒடச்சின்னா கூப்புட ஈஸியா இருக்கு" என்பாய். நான் விட்டுவிடுவேன். பெரிய நிம்மதியோடு விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். மறுபடியும் ஒரு தடவை நீ என்னைக் காப்பாற்றியதாக ஆகிவிடும். அதனால் இதை உன்னோடு சேர்த்து எழுபது பேரும் ஒரே நேரத்தில் படிக்கட்டும். அதில் உனக்குச் சங்கடம் வந்தால், அது நான் உனக்குச் செய்கிற இன்னொரு தப்பு. அதையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்.

புத்திமதி இல்லாமல் ஒரு அப்பன் கடிதம் முடித்தால் ஊர் ஒப்புக்கொள்ளாது. என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல். முக்கியமாக, உன்னைவிடச் சின்னவர்கள் கேட்கும்போது சொல். ஒன்று இறுகிக்கொண்டு வர மறுத்தால் பலத்தைக் கூட்டாதே, அந்தப் பக்கம் எது பிடித்திருக்கிறது என்று பார். இது திருகுக்குச் சொன்னது. வேறு எதற்காவது பொருந்தினால் அதற்கு நான் பொறுப்பில்லை. அப்புறம், போகிற வீட்டில் யாராவது தன் தப்புக்கு உன் முகத்தைப் பார்த்தால், தயவுசெய்து ஜோக் அடித்துத் தலையில் வாங்கிக்கொள்ளாதே. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, செய்ய மாட்டார் என்று நம்புகிறேன். நானும் நல்ல அப்பன் என்றுதான் நம்பியிருந்தார்கள். உன் சிரிப்பு நல்ல சிரிப்பு. இனிமேல் சிரிப்பு வரும்போது மட்டும் சிரி.

என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்து, அந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டேன். அது உனக்கு ஒரு வேலை வைக்கிற மாதிரி இருந்தது. நீ பேசாமல் இருந்தாலும் சரி. வியாழக்கிழமை தாரை வார்க்கும்போது என் கைமேல் உன் கையை வைத்தே ஆக வேண்டும், அதற்கு மட்டும் வேறு வழி இல்லை. முகத்தை வேண்டுமானால் அந்தப் பக்கம் வைத்துக்கொள்.

ஒரு கடிதத்தில் பன்னிரண்டு வருஷப் பழக்கம் போய்விடாது. இதைப் படித்து, வருத்தப்பட்டு, பதில் போட்டு முடித்த பிறகும், மண்டபத்தில் பரபரப்பில் எவராவது வாய் தவறி "ஏட்டி ஒடச்சி, இங்க வா" என்று கூப்பிடத்தான் செய்வார்கள். நீ திரும்ப வேண்டாம். கல்யாணப் பெண், உன் பாட்டுக்கு உட்கார்ந்திரு. முட்டி வலித்தாலும் பரவாயில்லை, நான் எழுந்து போய், "என்ன, கூப்புட்டீகளா?" என்று கேட்கிறேன்.